மூன்று மூடி பிராந்தியும் நான் செய்யாமல் விட்ட செபமும்

டாக்டரிடம் உண்மையைச் சொன்ன தனலட்சுமி அக்காவின் கணவர் ஏன் இறந்தார்? அதே டாக்டரிடம் பொய் சொன்ன என் கணவர் மட்டும் எப்படி வீடு திரும்பினார்?

இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத ஒருத்தி சாட்சி எழுதலாமா என்று பல வாரம் யோசித்தேன். எழுதிக் கிழித்தும் போட்டேன். ஆனாலும் அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் மாதாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் கணவர் பிழைத்து வந்தால் நடந்ததை மறைக்காமல் எழுதுவேன் என்று சொன்னேன். அவர் பிழைத்து வந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். மறைக்காமல் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியாது.

என் பெயர் லில்லி. வில்லியனூர் பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. முடித்த வருஷமே திருமணம். மூன்று வயதில் ஜெசி என்று ஒரு மகள். என் கணவர் சகாயம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அவரை ஒருவரும் குடிகாரர் என்று சொல்ல மாட்டார்கள். சண்டை போட மாட்டார், தெருவில் விழ மாட்டார், ஞாயிறு திருப்பலிக்கு முன்வரிசையில் நிற்பார். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, ஒரு குவாட்டர். தினமும். தவக்காலம் நாற்பது நாளும் தொட மாட்டார். அதையே ஒரு சான்றிதழ் மாதிரி என்னிடம் காட்டுவார். "நாப்பது நாள் இருக்க முடியுது இல்ல? அப்ப நான் அதுக்கு அடிமை இல்ல, புரியுதா?" உயிர்ப்பு ஞாயிறு மதியமே பாட்டில் வந்துவிடும்.

மூன்று வருஷமாக என் செபமாலையில் ஒரே கருத்துதான். மாதாவே, எப்படியாவது இவர் குடியை நிறுத்தும். எப்படியாவது என்று கேட்டேன். அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கார்த்திகை மழை விடாமல் பெய்த வாரம் அது. வேன் ஒரு பள்ளத்தில் நின்றுபோய், முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். மருந்துக்கடை மாத்திரை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் பிராந்தி என்றால் இரண்டு. ஒன்று கடையில் குடிப்பது, அது கெட்டது. இன்னொன்று அலமாரியில் இருப்பது, அது மருந்து. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற ஒரு மூடி கொடுப்பார்கள். குழந்தைக்குச் சளி என்றால் நெஞ்சில் தடவுவார்கள். ஜெசி பிறந்தபோது எனக்கும் கொடுத்தார்கள். நானும் குடித்தேன். அந்தப் பாட்டில் துணிகளுக்குப் பின்னால் பாதி அப்படியே இருந்தது.

"மொளகப் பொடிச்சிப் போட்டு, நாட்டுக்கோழி முட்ட ஒண்ணு ஒடச்சி ஊத்திக் குடு. காலையில எழுந்து வேனை எடுத்துனு போயிடுவான்," என்றார் என் மாமியார்.

தினமும் குடிக்காதீர்கள் என்று சண்டை போட்டவள் நான். நானே அலமாரியைத் திறந்தேன். ஜெசியின் இருமல் மருந்து மூடியில் அளந்தேன். மருந்து மூடியில் அளந்ததால் அது மருந்து என்றே நினைத்தேன். அவர் சிரித்தார். "ஏ லில்லி, உன் கையால ஊத்திக் குடுக்கிற நாளும் வந்துச்சு பாரு. இந்தக் காய்ச்சல் இன்னும் நாலு நாள் இருக்கட்டும்டி."

திங்கள், செவ்வாய், புதன். மூன்று மூடி. அது போதாதென்று அந்தக் காய்ச்சலிலும் சாயங்காலம் கடைக்குப் போய் அவர் பங்கைக் குடித்து வந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடியை நிரப்பினேன். குடித்ததும் இருமல் அடங்கியது. இருமாமல் தூங்கினார். நான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னேன். இருமல் நின்றதற்கு நன்றி சொன்னேன்.

வியாழன் காலை அவர் உதடு நீலமாக இருந்தது. பேச ஆரம்பித்தால் பாதியில் மூச்சு நின்றது. வில்லியனூர் கிளினிக்கில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்துப் பார்த்தார்கள். வலது பக்க நுரையீரல் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. மூக்கும் வாயும் மூட ஆக்சிஜன் வைத்தார்கள்.

ஒரு பெண் டாக்டர் கேள்வி கேட்டு எழுதினார். என் வயதுதான் இருக்கும். சர்க்கரை இருக்கா? இல்லை. முன்னாடி டிபி வந்திருக்கா? இல்லை. புகை பிடிப்பாரா? இல்லை.

"குடிப்பாரா?"

அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் ஊசி எடுத்துக்கொண்டிருந்தார். அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருடைய மகள் எங்கள் வேனில் வருகிற பிள்ளை. வேலைக்குச் சேர்க்கும்போதே பள்ளியை நடத்துகிற கன்னியாஸ்திரி சிஸ்டர் சொல்லியிருந்தார்கள், குடிக்கிறவருக்கு வேன் சாவி கிடையாது என்று. மாமியார் என் முழங்கையைப் பிடித்தார். பிடிக்காமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இல்லைங்க டாக்டர். அந்தப் பழக்கமே கிடையாது."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கத்துப் படுக்கையில் திருக்கனூர் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் இருந்தார். அவருக்கும் நெஞ்சுச் சளிதான், இரண்டு பக்கமும். அவர் மனைவிதான் தனலட்சுமி அக்கா. அவரிடமும் அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டதை முன்பே கேட்டிருந்தேன். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அக்கா பதில் சொன்னார். "இன்னா டாக்டரம்மா இப்படிக் கேக்குற? பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி குடிக்கிற ஆளு இது. பிராண்டு பேரு வேணுமா, அதையும் எழுதிக்கோ." மாஸ்க்குக்குள் இருந்து அந்த மனிதர் முறைத்தார். "இன்னா மொறைக்கிற? ஊருக்கே தெரியும், டாக்டருக்கு மட்டும் தெரியக்கூடாதா?" நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எவ்வளவு வெட்கம் கெட்ட பெண் என்று நினைத்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் கணவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. காய்ச்சல் என்று நினைத்தோம். மதியம் என்னைப் பார்த்து, நான் யார் என்று தெரியாமல் கத்தினார்.

"எல்லாரும் ஏறிட்டாங்களா? பின் கதவை மூடும்மா. ஒரு பாப்பா கொறையுது. எண்ணிப் பாரு, ஒரு பாப்பா கொறையுது!"

ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு பேர் பிடித்துக் கையைக் கட்டினார்கள். கட்டிய கையோடு வேன் கதவைத் தேடினார். கிருமி மூளைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். தலையைப் படம் எடுக்கக் கொண்டு போனார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்று மட்டும் வாயை மூடியிருக்கவில்லை. வியாழக்கிழமை சொன்ன பொய்யைச் சனிக்கிழமை எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் அது இன்னும் பெரிய பொய்யாகிக்கொண்டே போனது.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு அக்கா எனக்கு ஒரு பொட்டலம் தயிர்சாதத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"லில்லி, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. உன் ஆளு குடிக்கிற ஆளுதான?"

"இல்லக்கா."

"அடச்சீ. என்னான்ட எதுக்குடி பொய்யி? போன வருஷம் எங்காளு ரெண்டு நாள் நிறுத்தினப்ப இதே ஆட்டம்தான். மாட்டைக் காணோம், மாட்டைக் காணோம்னு வூடெல்லாம் தேடிச்சு. எங்ககிட்ட மாடே கிடையாது." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது. "போய்ச் சொல்லிடு. அவங்க எங்கயோ தேடினு கீறாங்க. நீ கையில வச்சினு குந்தியிருக்கிற."

நான் அழுதேன். அக்கா என் தலையைத் தடவினார். "நீங்க வேதக்காரங்கதான? உன் மாதாவுக்குச் சொல்றப்ப எங்காளுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிடு. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"சொல்றேன்க்கா" என்றேன்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் என் செபம் தலைகீழாக மாறிவிட்டது. மாதாவே, குடியை நிறுத்தச் சொன்னேனே, அது வேண்டாம். தினமும் குடிக்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும். உயிரோடு கொடும். இல்லையென்றால் என் வாயையாவது திறந்துவிடும். பிழைத்து வந்தால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவ்வளவுதான் சொன்னேன். அக்காவின் கணவரை நான் நினைக்கவே இல்லை.

அன்று எனக்கு வேறு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒளி தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. நான் எழுந்தபோது அந்தப் பெண் டாக்டர் டீ கிளாஸோடு படியேறி வந்துகொண்டிருந்தார். வழக்கமாக லிப்ட்டில்தான் போவார். அன்று லிப்ட் ஓடவில்லை. அவர் தனியாக வந்தார். நர்ஸும் இல்லை, மாமியாரும் இல்லை. என் வாய் திறந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் ஒரு குவாட்டர், மூன்று வருஷத்துக்கு மேல். புதன்கிழமை கடைசியாக நான் கொடுத்த மூடி. முட்டை, மிளகு. டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் டீயைப் படியில் வைத்துவிட்டு ஓடினார்.

அரை மணி நேரத்தில் மருந்து மாறியது. பழகிய உடம்புக்கு, அதிலும் இவ்வளவு காய்ச்சலில் கிடக்கும்போது, திடீரென்று குடி நின்றால் இந்த நடுக்கமும் உளறலும் வரும், உயிருக்கே ஆபத்து என்றார்கள். அதற்கு ஊசி போட்டார்கள். வைட்டமின் மருந்து நரம்பில் ஏற்றினார்கள். குடிக்கிறவர்களுக்கு வருகிற நிமோனியாவில் கிருமி வேறாகவும் இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக்கையும் மாற்றினார்கள். முதுகு ஊசி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் படித்தவள் என்று தெரிந்து விளக்கமாகச் சொன்னார்.

"மூச்சுக்குழாய் உள்பக்கம் பூரா கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான முடி மாதிரி இருக்கும்மா. தூசி, சளி, கிருமி எல்லாத்தையும் அது மேல தள்ளிக்கிட்டே இருக்கும். தினமும் குடிச்சா அது சோர்ந்து போயிடும். அதையும் தாண்டி உள்ள வர்ற கிருமியைப் பிடிச்சுத் தின்ன நுரையீரல்ல தனியா அணுக்கள் இருக்கு. அதுவும் மந்தமாயிடும். போதையில தூங்குறவருக்கு இருமலும் சரியா வராது. வாயில ஊறுறது, வாந்தி, எல்லாம் நுரையீரலுக்குள்ள இறங்கும். வெளியே தள்ள ஆள் இல்ல."

"நான் குடுத்த பிராந்தி சளியைக் கரைக்கலையா டாக்டர்?"

"கரைக்கல. சூடா இருந்திருக்கும். இருமலை அடக்கியிருக்கும். அந்த இருமல்தாம்மா அவரைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு."

எதற்காக நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"மூணு மூடியாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"மூணு மூடின்னு பார்க்காதீங்க. மூணு வருஷம்." என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாரா, உண்மையே அதுதானா, தெரியவில்லை. "வியாழக்கிழமையே சொல்லியிருந்தா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அதன் பிறகும் லேசாக இருக்கவில்லை. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்தது. விலாவில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். குழாயில் வந்ததைப் பார்த்த மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் புள்ளைக்கு நானே விஷம் குடுக்கச் சொன்னேனே" என்று அழுதார். ஊற்றியது என் கை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்துப் படுக்கையில் அக்காவின் கணவருக்கு மூச்சு நின்றது. திரையை இழுத்து மூடினார்கள். வெகு நேரம் நெஞ்சை அழுத்தினார்கள். அக்காவின் குரல் கேட்டது. "ஏய்யா, எழுந்திருய்யா. நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே, அவங்களுக்கு எல்லாந்தெரியுமே. எழுந்திருய்யா."

அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. நல்லவேளை, எங்கள் படுக்கை இல்லை. அதுதான் வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்ட அந்த ஒரு வார்த்தையை நான் மாதாவிடம் சொல்லவே இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பத்துப் பத்து முறை செபமாலை சொல்லியும், அதில் ஒரு மணிகூட அவருக்காக உருட்டவில்லை.

போகும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "உன் ஆளு பொழைச்சிக்கும்டி, முகத்துல களை வந்துடுச்சு" என்றார். நான் குனிந்து அக்காவின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து என் கணவர் நடந்தே வெளியே வந்தார். இது இறைவன் செய்த உபகாரம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாதா என் வாயைத் திறந்தார், டாக்டர்கள் கையால் அவரைக் காப்பாற்றினார். வலது நுரையீரலின் கீழே தழும்பு இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறார். பள்ளியில் சிஸ்டரிடம் நாங்களே போய் நடந்ததைச் சொன்னோம். வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள், உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்றார்கள். இப்போது வில்லியனூரில் ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். காலையில் வேன் எங்கள் தெருவைத் தாண்டும் நேரம் உள்ளே போய்விடுகிறார்.

அவர் குடிப்பதில்லை. நான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த வரத்தையும் மாதா சேர்த்தே தந்துவிட்டார். ஆனாலும் பயம் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நான் அவர் மூச்சை மோந்து பார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும்.

போன மாதம் ஜெசிக்குச் சளி பிடித்தது. பழக்கதோஷத்தில் மாமியார், "நெஞ்சுல ரெண்டு சொட்டு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அலமாரியில் அந்தப் பாட்டில் அப்படியே இருந்தது. கொட்ட நினைத்துக் கொட்டாமலே விட்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. என் கணவர் எழுந்து போய் அதை எடுத்தார். வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"நீயே ஊத்திடு லில்லி. நான் மூடியைத் தொறந்தா வாசனை வரும்."

சாக்கடையில் ஊற்றினேன். ஜெசியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவள் நன்றாக இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் நான் நன்றி சொன்னேன்.

இதைப் படிக்கிற சகோதரிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ச்சலும் இருமலுமாக இருப்பவருக்கு மருந்து என்று சொல்லி ஒரு மூடிகூடக் கொடுக்காதீர்கள். தினமும் குடிக்கிறவருக்கு நெஞ்சுச் சளி என்றால் ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். டாக்டர் கேட்டால் மானத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். செபம் பண்ணுங்கள், அதோடு வாயையும் திறங்கள். என் பொய்யையே தாங்கிக்கொண்ட ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார். இதை முழு மனதோடு நம்புகிறேன். அப்படி நம்பும்போதே தனலட்சுமி அக்காவின் குரல் காதில் கேட்கிறது.

சென்ற வாரம் அக்கா போன் செய்தார். கரும்பு வெட்டு முடிந்துவிட்டதாம். தனியாக வீட்டில் இருக்க முடியவில்லையாம். "உங்க கோயில் திருவிழாவுக்கு வரட்டுமா லில்லி? எங்காளுக்காக நீ வேண்டிக்கின இல்ல, அந்த மாதாவை ஒரு தடவ பாக்கணும். காப்பாத்தாட்டியும் பரவாயில்ல. என் பேச்சைக் கேட்டு அவருக்காக ஒரு ஜீவன் வேண்டிச்சே, அது போதும் எனக்கு."

வாங்கக்கா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இப்போது தினமும் அக்கா பெயரைச் சொல்லி, அவருடைய கணவரின் ஆன்மாவுக்காகவும் செபிக்கிறேன். அன்று சொல்லாததை இன்று சொன்னால் சரியாகிவிடுமா, தெரியவில்லை.

திருவிழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அக்கா வந்து மாதா முன்னால் நிற்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் கணவருக்காக நான் வேண்டவே இல்லையக்கா என்று உண்மையைச் சொல்லி, அவருக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு ஆறுதலையும் பிடுங்கிக்கொள்ளவா? இல்லை, இன்னொரு முறை பொய் சொல்லிவிட்டு நிற்கவா? உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவு செய்து எனக்கு எழுதுங்கள்.